வெயிட்டிங் லிஸ்ட்டில் ஒரு தீபாவளி

தீபாவளிக்கு அறுபது நாள் இருக்கும்போதே புதுவாயல் வீடுகளில் பண்டிகைப் படபடப்பு தொடங்கிவிடுகிறது. ரயில் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாக ரயில்வே குறைத்தது 2024 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு முதல் ஷிப்டில் இருப்பவர் இயந்திரத்தை விட்டு நகர முடியாது. வீட்டில் மனைவியோ, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளோ கைபேசியோடு உட்கார வேண்டும். தென்மாவட்ட ரயில்களில் சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடும். மிஞ்சுவது வெயிட்டிங் லிஸ்ட்டில் ஓர் எண்.

அதற்குப் பிறகு வரும் வாரங்களில் அந்த வீட்டின் பேச்சு முழுக்க 'ஒருவேளை'யில் ஓடுகிறது. டிக்கெட் உறுதியாகுமா, லீவு கிடைக்குமா, போனஸ் எப்போது வரும், தட்கலில் பார்ப்பதா, பஸ்ஸுக்குக் கிளாம்பாக்கம் வரை போவதா. ஏழு வயதுப் பையன் தினம் ஒருமுறை கேட்கிறான்: "அப்பா, தாத்தா ஊருக்குப் போறமா, இல்லையா?" களைத்து வந்த அப்பா சொல்கிறார்: "பாக்கலாம்டா."

புதுவாயல், சென்னைக்கு வடக்கே கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டையை ஒட்டிய ஊர். ஒரு காலத்தில் ஏரிப் பாசனமும் நெல்லுமாக இருந்த இந்த வட்டாரத்தைக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும், பின்னால் வந்த தேர்வாய்கண்டிகை சிப்காட்டும், நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்குகளும் மாற்றிவிட்டன. விடியுமுன் கம்பெனி பஸ்களும் ஷேர் ஆட்டோக்களும் ஆள் ஏற்றத் தொடங்கும். உள்ளூர்க்காரர்களோடு தென்மாவட்டத்தாரும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்களும் இங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். பண்டிகை என்றால் பயணம் என்று ஆகிவிட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. விடுமுறைக் காலம் உடலையும் மனதையும் என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

முதலில் அந்தப் 'பாக்கலாம்' என்ற பதிலுக்குப் பின்னால் இருக்கும் உடலியலைப் பார்த்துவிடலாம்.

2016-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆர்ச்சி டி பெர்க்கர் என்பவரும் அவருடைய குழுவினரும் 45 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கணினித் திரையில் பாறைகள் வரும். அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. பாம்பு வரும் வாய்ப்பை ஆய்வாளர்கள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்து பார்த்தபோது, அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது அவர்கள் உடலளவில் ஒப்பீட்டளவில் அமைதியாக இருந்தார்கள். 50 சதவீத வாய்ப்பு இருந்தபோதுதான், அதாவது வருமா வராதா என்று சொல்லவே முடியாத நிலையில்தான், உடல் உச்சகட்டப் பதற்றத்துக்குப் போனது. வலி உறுதி என்பதைவிட, வலி வரலாம் என்பது அதிகம் வாட்டியது.

இதில் உடலுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆபத்து வரும் என்று மூளை கணித்தால் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை எழுப்புகிறது. அங்கிருந்து கார்ட்டிசால் ரத்தத்தில் கலக்கிறது. சர்க்கரை ரத்தத்துக்கு வருகிறது, கவனம் கூர்மையாகிறது, அப்போதைக்குத் தேவையில்லாத வேலைகள் ஒத்திப்போடப்படுகின்றன. ஹான்ஸ் செல்யே 1936-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பாக எழுதி, மன அழுத்த ஆய்வு என்ற துறைக்கே வித்திட்டது இந்த எதிர்வினையைப் பற்றித்தான். ஆபத்து கடந்ததும் கார்ட்டிசாலே மூளைக்குப் போய், போதும் நிறுத்து என்று சொல்லிவிடும். ஆகவே பரீட்சைக்கு முன்னாலும் மேடை ஏறும்போதும் வரும் பதற்றம் நோய் அல்ல. நல்ல உடலின் அடையாளம் அது. முடிவு தெரியாத விஷயத்தில்தான் சிக்கல். எதற்குத் தயாராவது என்று தெரியாததால், மூளை எல்லாவற்றுக்கும் தயாராக நிற்கிறது. பெரியவர்களுக்காவது காரணம் தெரியும். ஏழு வயதுப் பையனுக்கு ரயில்வேயும் தெரியாது, சூப்பர்வைசரும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் முகம்.

முகத்திலிருந்து என்ன தொற்றுகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். சாரா வாட்டர்ஸ், வெண்டி பெர்ரி மெண்டிஸ் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 69 தாய்மார்கள், அவர்களின் ஓராண்டு தாண்டிய குழந்தைகளோடு பங்கேற்றார்கள். தாயை மட்டும் வேறு அறைக்கு அழைத்துப் போய்ப் பேசச் சொன்னார்கள். சிலருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் புருவத்தை நெரித்தார்கள், தலையை ஆட்டி அதிருப்தி காட்டினார்கள். திரும்பி வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்ட சில நிமிடங்களில் குழந்தையின் இதயத்துடிப்பு தாயின் பதற்றத்தை அப்படியே பின்பற்றத் தொடங்கியது. அந்த அறையில் நடந்த எதையும் குழந்தை பார்க்கவில்லை. தொடுதலும் குரலும் மூச்சும் போதுமானதாக இருந்திருக்கலாம்.

அப்படியானால் மறைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். நம் வீடுகளில் பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடு செய்வதும் அதைத்தான்: பிள்ளைகள் முன்னால் பணக்கஷ்டம் பேசாதே, சிரித்த முகமாக இரு. அதே ஆய்வுக்குழு 2019-இல் இதையும் சோதித்தது. பெற்றோருக்கு முதலில் மன அழுத்தம் தரும் ஒரு பணி. பிறகு பிள்ளையோடு சேர்ந்து லெகோ கட்டைகளில் ஒரு பொருளைக் கட்ட வேண்டும். பாதிப் பேருக்கு மட்டும், உணர்ச்சியை வெளியே காட்டாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். அடக்கிக்கொண்ட பெற்றோர் பிள்ளையிடம் கனிவு குறைந்து நடந்தார்கள், வழிகாட்டுவதிலும் பின்தங்கினார்கள். பிள்ளைகளும் பதிலுக்கு ஒட்டாமல் போனார்கள். முகம் எதுவும் நடக்காததுபோல் இருக்கிறது, உடல் வேறெதையோ சொல்கிறது. இந்த முரண்பாடு பிள்ளைக்குக் கூடுதல் புதிராகிவிடுகிறது.

இந்த அத்தியாயத்தில் நினைவில் வைக்க ஒரே ஒரு ஆய்வைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இந்த லெகோ கட்டை ஆய்வைத்தான் சொல்ல வேண்டும். புதுவாயலின் ஒரு லைன் வீட்டில் சமையலும் படிப்பும் தூக்கமும் ஒரே அறையில்தான் நடக்கின்றன. அங்கே கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசும் கடன் கணக்கு பிள்ளையின் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. விழுந்ததைப் புரியவைப்பதா, புரியாமலே விடுவதா என்பது மட்டும்தான் பெற்றோர் கையில் இருக்கிறது.

இனிப் பணத்துக்கு வருவோம். பண்டிகைக் காலச் சச்சரவுகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது. 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம், பின்னால் வந்த திருத்தங்களோடு, குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதம் என்று வைத்தது. ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். உச்சவரம்பு 20 சதவீதம். நிரந்தரத் தொழிலாளிக்கு இது கணக்கு. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு எப்போது, எவ்வளவு என்பதே பல இடங்களில் கடைசி வாரத்தில்தான் தெரியவரும். அதற்குள் துணி, பலகாரச் சீட்டு, பட்டாசு, ஊருக்குப் போக வர ஆகும் செலவு என்று பணத்துக்கு நாலு பக்கமும் கை நீளும்.

பணநெருக்கடி மூளையை என்ன செய்கிறது என்பதற்கு உலகமெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஆய்வு நடந்தது தமிழ்நாட்டில்தான். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஷாவோ ஆகியோர் ஆராய்ந்து 2013-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். கரும்புக்காரருக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பெரிய பணம். அறுவடைக்கு முன் அடகும் கடனும். பின் சற்று நிம்மதி. ஒரே ஆளிடம் இரண்டு காலத்திலும் தர்க்கப் புதிர்களும் கவனச் சோதனைகளும் வைத்தார்கள். பணமுடை இருந்த நாட்களில் அதே மனிதர் குறைவாகவே விடை சொன்னார், தவறுகள் அதிகம் செய்தார். ஆலை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு சமயத்தில் வெட்டு உத்தரவு கொடுப்பதால், இது பருவத்தின் விளைவு என்றும் தள்ளிவிட முடியவில்லை. இந்த முடிவின் அளவையும் விளக்கத்தையும் பின்னால் வேறு ஆய்வாளர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதே கருத்தை ஒட்டி நடந்த வேறு சில சோதனைகள் மறுமுறை செய்தபோது நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஒரு செய்தி புதுவாயலுக்கு நேராகப் பொருந்துகிறது. போனஸுக்கு முந்தைய வாரத்தில் பிள்ளைமேல் எரிந்து விழும் தாயிடம் குணக்கேடு எதுவும் இல்லை. அவர் தலைக்குள் ஒரு கணக்கு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தீபாவளி நாலு நாளில் முடிந்துவிடும். மே மாதம் அப்படி இல்லை.

கோடை விடுமுறையில் பள்ளி மூடும்போது வகுப்பறை மட்டும் மூடுவதில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி அடுத்த ஆண்டு மாநிலம் முழுதும் பரவிய காலை உணவுத் திட்டமும் அந்த வாரங்களில் நின்றுவிடுகின்றன. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குப் பள்ளி போட்ட இரண்டு வேளைச் சாப்பாடும், பெற்றோர் வேலையில் இருக்கும்போது ஒருவர் பார்த்துக்கொள்வார் என்ற நிம்மதியும் ஒரே நாளில் வீட்டின் தலையில் விழுகின்றன. கணவன் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறார். மனைவி பேக்கிங் வேலைக்குப் போகிறார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் கத்திரி வெயிலில் பிள்ளைகள் கைபேசியோடு கிடக்கின்றன. வெளியே விட்டால் ஏரியும் குட்டையும் நெடுஞ்சாலை லாரியும். உள்ளே வைத்தால் 'சத்தம் போடாதே, அப்பா தூங்குறார்.' 2023-இல் வெயிலின் காரணமாகப் பள்ளி திறப்பு ஜூன் 7-க்கும், பிறகு பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்றும் தள்ளிப்போனது. பிள்ளைகளின் உடல்நலத்துக்கு அது சரியான முடிவு. அந்தக் கூடுதல் நாட்களை யார் எப்படிச் சமாளிப்பது என்பது ஒவ்வொரு வீட்டின் தனிப்பாடாக இருந்தது.

இத்தகைய வாரங்களில் முதலில் குலைவது தூக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரமும் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் சொல்கிறது. விடுமுறையில் நேரம் கிடைக்கிறது, ஆனால் இடம் மாறிவிடுகிறது: ஒரு மணிக்குப் படுத்துப் பத்து மணிக்கு எழுந்தால் கணக்கு சரியாக இருக்கும், உள்ளிருக்கும் கடிகாரம் மூன்று மணி நேரம் நகர்ந்திருக்கும். விமானத்தில் வெளிநாடு போய் வந்தவருக்கு வரும் அதே தடுமாற்றத்தை, ஊரை விட்டு அசையாமலே உடல் அனுபவிக்கிறது. டில் ரோனபெர்க்கின் குழு 2006-இல் இதற்குச் 'சமூக ஜெட்லாக்' என்று பெயர் வைத்தது. கார்ட்டிசாலும் அந்தக் கடிகாரத்தைச் சார்ந்ததுதான். விழித்த அரைமணி முக்கால்மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் நள்ளிரவை ஒட்டி அடங்கும். ஜூன் முதல் வாரத்தில் பள்ளிக்கு எழுப்பும்போது பிள்ளை அழுவதும் வயிறு வலிக்கிறது என்பதும் சோம்பலால் அல்ல. நகர்ந்த கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் பழைய நிலைக்குத் திரும்பும். திறப்புக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினம் கால்மணி, அரைமணி என்று எழும் நேரத்தை முன்னால் கொண்டுவந்தால் இந்த அழுகையில் பெரும்பகுதி இல்லாமல் போகும்.

பெரிய பொழுதுபோக்குகளைவிட, வழக்கமான சின்னக் காரியங்கள்தான் இந்தச் சமயத்தில் பிள்ளையைத் தாங்குகின்றன. குடும்ப வழக்கங்களைப் பற்றிய ஐம்பது ஆண்டு ஆய்வுகளை பார்பரா ஃபீஸ் தலைமையில் ஒரு குழு 2002-இல் தொகுத்துப் பார்த்தது. சேர்ந்து சாப்பிடுவது, ஒரே நேரத்தில் படுப்பது, பண்டிகையை ஒரே மாதிரி கொண்டாடுவது போன்றவை உள்ள வீடுகளில் பிள்ளைகளின் உடல்நலமும் பெற்றோரின் தன்னம்பிக்கையும் மேலாக இருப்பதாக அது கண்டது. மாறுகிற ஷிப்டில் எல்லா வேளையும் சேர்ந்து சாப்பிட முடியாது. ஆனால் ஒரு வேளையை நிலையாக வைக்கலாம். இரண்டாவது ஷிப்ட் வாரத்தில் அது காலைச் சாப்பாடு. முதல் ஷிப்ட் வாரத்தில் இரவு. எந்த வாரம் எது என்று சுவர் நாட்காட்டியில் பிள்ளையே பேனாவால் எழுதட்டும். தினசரி கிழிக்கும் காலண்டரைவிட மாதக் காலண்டர் இதற்கு உதவும்; வருவது கண்ணுக்குத் தெரியும்.

பட்டாசிலும் இதே தத்துவம்தான். உச்சநீதிமன்றத்தின் 2018 உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறிக்கப்பட்டது. காற்றுக்காக வந்த கட்டுப்பாடு அது. சத்தத்துக்கு அஞ்சும் சிறு பிள்ளைக்கும், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் அது வேறு விதத்தில் உதவக்கூடியது: இப்போது வரும், இப்போது நின்றுவிடும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. திடீரென்று ஜன்னலடியில் வெடிப்பதுதான் நடுங்க வைக்கிறது. தெருவே அந்த இரண்டு மணி நேரத்தை மதித்தால் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தீபாவளி பண்டிகையாகவே இருக்கும்.

இந்த வட்டாரத்தில் விடுமுறைப் பயணம் ஒருநாள் பெரும் அதிர்ச்சியாகவே மாறியது. 2024 அக்டோபர் 11, ஆயுதபூஜை. மைசூரிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்குப் போய்க்கொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ் இரவு எட்டரை மணியளவில் கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் தடம்புரண்டன, ஒன்றில் தீப்பிடித்தது. பலர் காயமடைந்தார்கள், உயிரிழப்பு எதுவும் இல்லை. பயணிகள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, மறுநாள் விடியுமுன் சிறப்பு ரயிலில் அனுப்பப்பட்டார்கள். மொழி தெரியாத ஊரில், இருட்டில், பிள்ளைகளோடு. இத்தகைய நேரத்துக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் ஒரு உளவியல் முதலுதவிக் கையேடு வெளியிட்டது. பிள்ளைகள் விஷயத்தில் அது வலியுறுத்துபவை எளிமையானவை: பெற்றோரிடமிருந்து பிரிக்காதீர்கள், என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களுக்குப் புரியும் சொற்களில் சொல்லுங்கள், பேசும்படி வற்புறுத்தாதீர்கள். விபத்துக்குச் சொன்ன இந்த அறிவுரை, டிக்கெட் உறுதியாகாத வீட்டுக்கும் அப்படியே செல்லும்.

அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்லலாம்? "டிக்கெட் இன்னும் கிடைக்கல. வியாழக்கிழமை தெரிஞ்சுடும். கிடைச்சா தாத்தா வீட்டுக்குப் போறோம். கிடைக்கலேன்னா இங்கேயே தீபாவளி, பெரியபாளையம் கோயிலுக்குப் போறோம், தாத்தாகிட்ட வீடியோவில பேசுறோம்." இதில் வாக்குறுதி ஒன்றும் இல்லை, பொய்யும் இல்லை. தெரியாத விஷயத்துக்கு ஒரு தேதி இருக்கிறது. இரண்டு வழிகளில் எது நடந்தாலும் என்ன ஆகும் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. அம்மா கோபமாக இருந்தால் "பணம் வரல, அதான் எரிச்சலா இருக்கேன், உன்மேல கோபம் இல்ல" என்ற ஒரு வரி போதும். கடன் எவ்வளவு, யாரிடம் என்ற விவரம் பிள்ளைக்கு வேண்டாம்.

பதினைந்து வயது மகளுக்கு இதே வழி அப்படியே பலிக்காது. மேகன் கன்னரின் மினசோட்டா குழு 2015-இல் வெளியிட்ட சோதனையில், மேடைப் பேச்சுக்குத் தயாராகும்போது பெற்றோர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளின் கார்ட்டிசால் ஏறவே இல்லை. பதினைந்து, பதினாறு வயதினருக்கோ பெற்றோர் இருந்தாலும் முன்பின் தெரியாதவர் இருந்தாலும் ஒரே ஏற்றம்தான். பெற்றோர் வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த வயதில் அணைத்து ஆறுதல் சொல்வதைவிடப் பொறுப்பில் பங்கு தருவது நல்லது. டிக்கெட் எடுக்கும் பொறுப்பை மகளிடம் கொடுத்த வீடு, எங்கே எவ்வளவு செலவழிப்பது என்ற முடிவிலும் அவளைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், விளையாடாமல் ஒதுங்கினால் காத்திருக்க வேண்டாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

ஆனால் எல்லாப் பாரத்தையும் பெற்றோர் தலையில் வைத்து இந்த அத்தியாயத்தை முடிப்பது நியாயம் ஆகாது. அவர்கள் 'பாக்கலாம்' என்று சொல்வது அவர்களுக்கே தெரியாததால்தான். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2017 ஜூலையில் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: பெரிய கடைகளும் உணவகங்களும் வேலை நேர அட்டவணையை 14 நாள் முன்னதாகத் தர வேண்டும். சம்பள விகிதத்தைத் தொடாத சட்டம் அது. கிறிஸ்டன் ஹார்க்னெட்டும் டேனியல் ஷ்னைடரும் ஆராய்ந்தபோது தொழிலாளர்களின் தூக்கமும் மகிழ்ச்சியும் மேம்பட்டிருந்தன. கலிஃபோர்னியாவின் எமரிவில் நகரில் இதுபோன்ற சட்டம் வந்தபின் சிறு பிள்ளைகளின் பெற்றோரிடம் எலிசபெத் அனானட், அன்னா காஸ்மன்-பைன்ஸ் நடத்திய ஆய்வும் இதே திசையைக் காட்டியது.

நம் சட்டங்களுக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வேலை நேர அறிவிப்பை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டச் சொன்னது; சம்பளத்தோடு விடுப்பு வேண்டுமானால் தொழிலாளி 15 நாள் முன்னதாக எழுதிக் கேட்க வேண்டும் என்றது. 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் உறுதி செய்தது. தொழிலாளி 15 நாள் முன்னால் கேட்க வேண்டும் என்றால், நிர்வாகமும் 15 நாள் முன்னால் பதில் சொல்வதுதான் முறை.

ஆயுதபூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவே ஏறத்தாழ இருபது நாள் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை நிர்வாகங்களுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பூஜை முடிந்து பொரியும் கடலையும் கொடுக்கும் அன்றைக்கே தீபாவளி ஷிப்ட் பட்டியலையும், லீவு யாருக்கு என்பதையும், போனஸ் தேதியையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள்.